பந்தயச் சாலையில் பலவித மனங்கள்

நம் சீமையில் மாட்டுவண்டிப் பந்தயம் என்றால் வீட்டிற்குள் அடங்கி இருப்போர் யார்? பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு எனப் பிரிவு பிரிவாக வண்டிகள் புறப்படும்போது சாலையின் இரு மருங்கிலும் ஊரே திரண்டு நிற்கும். நாங்களும் திண்ணையில் ஏறி நின்று பார்த்தவர்கள்தாம். முந்தி வந்த மாட்டையும் அதன் உரிமையாளரையும் எல்லோரும் புகழ்வர். ஆனால் அந்த வெற்றிக்குப் பின்னே எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? கயிற்றைப் பிடிக்கும் சாரதி ஒருவர். அவருக்கு உதவும் துணைச் சாரதி ஒருவர். பல நாள் மாட்டைப் பழக்கித் தீனி வைத்துக் காத்தவர் ஒருவர். சக்கரத்தையும் அச்சையும் செம்மை செய்த தச்சர் ஒருவர். எல்லையில் நின்று முடிவு கூறுபவர் ஒருவர். அவரவர் திறமை வேறு. அவரவர் மனப்போக்கும் வேறு. எல்லோரும் சாரதியாகவே இருந்துவிட்டால் வண்டி ஓடாது.

மாட்டுவண்டிக்கு உள்ள இந்த உண்மை மோட்டார் வண்டிப் பந்தயத்திற்கும் உண்டு. ஏன், ஒரு வகுப்பறைக்கும் உண்டு. இவ்வாண்டு மலருக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள், மோட்டார் பந்தயமும் அதில் இடம் கண்ட பலவித மனங்களும். “பெண்கள் பள்ளி மலரில் மோட்டார் பந்தயமா?” என்று தோழியர் சிலர் வியக்கலாம். கட்டுரையின் இறுதிவரை எங்களுடன் வருமாறு வேண்டுகிறோம். காரணத்தை அங்கே கூறுவோம்.

எளியோர் நடத்தும் விளையாட்டு

மோட்டார் பந்தயம் என்றதும் கோடிகளைக் கொட்டி நடத்தும் பார்முலா ஒன் பந்தயமே நம் நினைவிற்கு வருகிறது. கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டில் அப்பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அது கோபுரக் கலசம். கலசத்தைத் தாங்கும் அடித்தளம் வேறு இடத்தில் இருக்கிறது.

சென்னைக்கு அருகே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. போர் முடிந்தபின் அந்த ஓடுதளத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பந்தயம் ஓடின. 1953ஆம் ஆண்டில் தொடங்கிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் இவ்விளையாட்டை வளர்த்தது. 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயப் பாதை ஒன்று அமைந்தது. கோவையில் கரிவரதன் என்னும் ஆர்வலர், பணம் படைத்தோர் மட்டுமே பந்தயம் ஓட்டும் நிலை மாற வேண்டும் என விரும்பினார். எனவே மாருதி காரின் என்ஜினைக் கொண்டு குறைந்த செலவில் பந்தயக் காரை உருவாக்கினார். 1995இல் சிறு விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயப் பாதை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பொறியியல் கல்லூரி மாணவ மாணவியர் தாமே வரைந்து, தாமே பற்றவைத்து, தாமே பூட்டிய கார்களைக் கொண்டுவந்து போட்டியிடும் இடமும் அதுவே.

பந்தய நாளன்று ஓட்டுநர் ஒருவர்தான் கண்ணில் படுவார். ஆயினும் அங்கே பணி செய்வோர் பலர். வண்டியின் ஒவ்வொரு திருகையும் சோதிப்பவர், நொடியின் சிறு பின்னம் வரை நேரம் குறிப்பவர், டயர் மாற்றுபவர், தீயணைப்புக் கருவியுடன் காத்திருப்பவர் எனப் பலரும் ஒன்றுகூடியே பந்தயத்தை நடத்துகின்றனர். வளைவுகளில் கொடியுடன் நிற்பவருக்கு மார்ஷல் என்று பெயர். மஞ்சள் கொடி அசைந்தால் முன்னே அபாயம், முந்தக் கூடாது. நீலக் கொடி காட்டினால் பின்னே விரைவான வண்டி வருகிறது, வழி விடுக. சிவப்புக் கொடி என்றால் பந்தயம் நிறுத்தப்பட்டது. கறுப்பும் வெள்ளையும் கட்டமிட்ட கொடி வந்தால் பந்தயம் முடிந்தது. இக்கொடியை வெயிலில் மணிக்கணக்காகக் கவனம் சிதறாமல் ஏந்தி நிற்போரில் மிகப் பலர் விருப்பத்தால் வரும் தொண்டர்களே.

மனங்களும் பலவிதம்

இனி அடுத்த பொருளுக்கு வருவோம். மனிதர்களின் முகம் பலவிதமாக இருப்பதுபோல் மூளை இயங்கும் முறையும் பலவிதமாக இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு ‘நியூரோடைவர்சிட்டி’ என்ற சொல் 1990களின் இறுதியில் வழங்கத் தொடங்கியது. மூளையின் பன்மை என்று நாம் தமிழில் கூறலாம்.

சிலருக்கு அறிவு கூர்மையாக இருந்தும் எழுத்துகளைக் கூட்டிப் படிப்பது பெருந்துன்பம். இதனை டிஸ்லெக்சியா என்பர். சிலருக்கு ஓரிடத்தில் அமர்ந்து ஒன்றையே கவனிப்பது கடினம். மனமும் உடலும் ஓயாமல் அலைபாயும். சிலர் ஆட்டிசம் உடையோர். பிறர் முகக்குறிப்பையும் மறைபொருளாகப் பேசும் பேச்சையும் புரிந்துகொள்வதில் அவர்களுக்கு இடர்ப்பாடு உண்டு. பேரொலியும் கூட்டமும் அவர்களுள் பலரை வாட்டும். தமக்குப் பிடித்த ஒரு பொருளில் மட்டும் சலியாமல் ஆழ்ந்துவிடுவோரும் அவர்களிடையே உண்டு. இவை பெற்றோரின் வளர்ப்புக் குறையால் வருவன அல்ல, சோம்பலும் அல்ல, பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் அமைபவை.

ஓர் எளிய உவமை கூறுவோம். இடக்கைப் பழக்கமுள்ள ஒருத்தி கத்தரிக்கோலால் துணி வெட்ட முயன்றால் வெட்டு கோணலாக வருகிறது. குறை கையிலா, கத்தரிக்கோலிலா? வலக்கைக்கென்றே செய்த கருவி அது. இடக்கைக்கு ஏற்ற கத்தரிக்கோலைக் கொடுத்தால் அவளும் நேராக வெட்டுவாள். எல்லா இடர்ப்பாடும் இவ்வாறு எளிதில் தீர்ந்துவிடும் என்று நாங்கள் கூறவில்லை. சிலருக்கு வாழ்நாள் முழுவதும் துணை வேண்டும், மருத்துவம் வேண்டும், சிறப்புக் கல்வி வேண்டும். ஆயினும் குறை கூறுமுன் கருவியையும் ஒருமுறை பார்க்க வேண்டும் அன்றோ?

எழுத்து வசப்படாத வெற்றி வீரர்

ஸ்காட்லாந்து நாட்டில் 1939ஆம் ஆண்டில் பிறந்தவர் ஜாக்கி ஸ்டூவர்ட். தந்தையார் கார் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். பள்ளியில் வகுப்பின் முன் நிறுத்திப் படிக்கச் சொன்னபோது சிறுவன் ஸ்டூவர்ட்டால் படிக்க இயலவில்லை. உடன் பயின்றோர் நகைத்தனர். மந்தன் என்ற பெயரைச் சுமந்தபடியே இளம் வயதில் பள்ளியை விட்டு வெளியேறித் தந்தையாரின் கடையில் வேலைக்கு அமர்ந்தார்.

அந்தச் சிறுவன்தான் 1969, 1971, 1973 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பார்முலா ஒன் உலக வெற்றி வீரரானார். 99 பந்தயங்களில் ஓடி 27இல் முதலிடம் பெற்றார். 1968இல் ஜெர்மனியின் நூர்பர்கிரிங் பாதையில் கொட்டும் மழை, கண்ணை மறைக்கும் மூடுபனி. பிறர் தட்டுத்தடுமாறிய அந்தப் பந்தயத்தில் அடுத்து வந்தவரைவிட நான்கு நிமிடத்திற்கும் மேல் முன்னதாக முடித்தார். அகரவரிசையை முழுதும் ஒப்பிக்கத் தெரியாத தமக்கு அந்தப் பாதையின் வளைவுகள் அனைத்தும் நினைவில் நிற்கின்றன என அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

1980ஆம் ஆண்டில் மகன் ஒருவருக்குப் படிப்பில் இடர்ப்பாடு ஏற்பட்டுச் சோதனை நடந்தது. அப்பொழுதுதான் தமக்கும் டிஸ்லெக்சியா உண்டு என்பது ஸ்டூவர்ட்டுக்குத் தெரியவந்தது. அதாவது, உலகப் பட்டத்தை மூன்று முறை வென்று ஓய்வும் பெற்ற பின்னரே, தாம் மந்தன் அல்லர் என்ற செய்தி அவருக்குக் கிடைத்தது! எத்தனை ஆண்டுகள் அந்தச் சுமையைத் தாங்கியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு நிகழ்ச்சியையும் கூற வேண்டும். 1966இல் பெல்ஜியம் நாட்டின் ஸ்பா பாதையில் மழையில் அவருடைய கார் சறுக்கி நொறுங்கியது. பெட்ரோலில் நனைந்தபடி உள்ளே சிக்கிக்கொண்டார். மீட்புக் கருவி எதுவும் அருகில் இல்லை. அதே பந்தயத்தில் கார் ஓட்டிய இருவர் உதவிக்கு ஓடி வந்தனர். பார்வையாளர் ஒருவரிடம் ஸ்பானரை இரவல் வாங்கி ஸ்டியரிங்கைக் கழற்றி அவரை வெளியே எடுத்தனர். அன்று முதல் அவர் இருக்கைப் பட்டை, பாதுகாப்பு வேலி, மருத்துவ உதவி ஆகியவற்றிற்காக ஓயாமல் போராடினார். பலர் அவரைக் கோழை என்றும் ஏசினர். இன்று எண்ணற்ற ஓட்டுநர்கள் உயிருடன் வீடு திரும்புவதற்கு அவருடைய பிடிவாதமும் ஒரு காரணமாகும்.

தெளிவான பேச்சின் பயன்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த அர்மானி வில்லியம்ஸ் என்பவருக்கு இரண்டு வயதிலேயே ஆட்டிசம் என்று கண்டறிந்தனர். அவர் சிறு கோ-கார்ட் வண்டிகளில் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்தார். 2021ஆம் ஆண்டில் நாஸ்கார் அமைப்பின் தேசிய அளவிலான பந்தயத் தொடர் ஒன்றில் கால் பதித்தார். தமக்கு ஆட்டிசம் உண்டு என்று வெளிப்படையாகக் கூறி அப்பந்தயங்களில் ஓடும் முதல் ஓட்டுநர் அவரே.

நாஸ்கார் பந்தயத்தில் ஒவ்வோர் ஓட்டுநருக்கும் ஒரு கண்காணிப்பாளர் உண்டு. உயரமான இடத்தில் நின்று, “உட்புறம் ஒரு கார்,” “வெளிப்புறம் ஒரு கார்,” “வழி இருக்கிறது” என்று வானொலிக் கருவி மூலம் சுருக்கமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். அங்கே மறைபொருளுக்கு இடமில்லை, கேலிக்கும் இடமில்லை. சொன்ன சொல்லுக்கு ஒரே பொருள். முகக்குறிப்பைப் படிக்க இயலாத ஒருவருக்கு இத்தகைய பேச்சு எவ்வளவு பெரிய உதவி! உற்று நோக்கினால், அது எல்லா ஓட்டுநருக்குமே உதவிதான்.

பந்தயக் களம் இத்தகையோரில் சிலருக்கு ஏற்றதாக இருப்பதன் காரணத்தை இதிலிருந்து உணரலாம். விதிகள் எழுத்தில் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் இன்ன பணி என்ற வரையறை உண்டு. செய்த வேலை சரியா தவறா என்பது உடனே தெரிந்துவிடும். ஒரே பொருளில் ஆழ்ந்துபோகும் குணத்தை அங்கே எவரும் பழிப்பதில்லை. பழுதடைந்த என்ஜினுக்கு அக்குணம் உடையவரே மருத்துவர். அதே களத்தின் இரைச்சல் வேறு சிலருக்குத் தாங்க முடியாத துன்பம் என்பதையும் மறைக்கக் கூடாது. காதுக் கவசமும் ஒதுங்கி இருக்க ஓர் அமைதியான இடமும் அவர்களுக்குத் தேவை.

விரலால் படித்த வழி

நம் நாட்டில் வேறொரு பந்தயம் உண்டு. இதில் வேகமாகச் செல்பவர் வெல்வதில்லை. பத்துக் கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டும் என்பது கட்டளையானால், சரியாக இருபது நிமிடத்தில் சென்றடைய வேண்டும். பதினெட்டு நிமிடத்தில் வந்தாலும் தண்டனைப் புள்ளி. இருபத்து மூன்று நிமிடத்தில் வந்தாலும் தண்டனைப் புள்ளி. ஓட்டுநர் அருகில் வழிகாட்டி ஒருவர் அமர்ந்து, கையிலுள்ள குறிப்பைப் படித்து, “இங்கே இடப்புறம், அங்கே வலப்புறம்” என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். சாலை விதிகளை மீறாமல் நடக்கும் இதற்கு நேர-வேக-தூர ரேலி என்று பெயர்.

சென்னை, மும்பை முதலிய நகரங்களில் இந்த ரேலியைப் பார்வையற்றோரை வழிகாட்டிகளாகக் கொண்டு நடத்தியிருக்கின்றனர். வழிக்குறிப்பு பிரெயில் எழுத்தில் இருக்கும். பார்வையற்ற வழிகாட்டி அதை விரலால் தடவிப் படித்துச் சொல்ல, பார்வையுள்ள ஓட்டுநர் அதன்படி ஓட்டுவார். அந்தக் காரில் வழி தெரிந்தவர் பார்வையற்றவரே. அவர் சொல்லாவிட்டால் பார்வையுள்ளவர் திகைத்து நிற்க வேண்டியதுதான்!

பார்வையின்மை வேறு, டிஸ்லெக்சியாவும் ஆட்டிசமும் வேறு. ஆனால் கற்கும் பாடம் ஒன்றே. குறிப்பை அவருக்கு ஏற்ற எழுத்தில் கொடுத்தார்கள். அவர் வழிகாட்டி ஆனார். அச்செழுத்தில் கொடுத்திருந்தால் அவர் வெறும் பயணியாகவே அமர்ந்திருப்பார்.

சட்டமும் இப்பாதையில் வந்துள்ளது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைகளே இடம்பெற்றன. 2016ஆம் ஆண்டின் புதிய சட்டம் அவற்றை இருபத்தொன்றாக உயர்த்தி, ஆட்டிசத்தையும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளையும் சேர்த்தது. உரிய மருத்துவச் சான்று பெற்று விண்ணப்பிக்கும் மாணவர்களுக்குப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதித் தர ஓர் உதவியாளரும் கிடைக்க வழி உண்டு.

எங்கள் குற்றம்

இப்பொருளை நாங்கள் எடுத்ததன் காரணத்தைக் கூற வேண்டிய இடத்திற்கு வந்துவிட்டோம். எழுதலாமா வேண்டாமா என்று பலமுறை கலந்து பேசினோம். எழுதுவதே முறை எனத் துணிந்தோம்.

ஒன்பதாம் வகுப்பில் எங்களுடன் ஒரு தோழி இருந்தாள். ஒருநாள் பாடத்தை உரக்கப் படிக்கும் முறை அவளுக்கு வந்தது. ‘தவளை’ என்ற சொல்லை ‘வதளை’ என்று படித்தாள். வகுப்பே சிரித்தது. ஆசிரியை எங்களைக் கடிந்துகொண்டார். ஆயினும் இடைவேளையில் நாங்கள் அவளை ‘வதளை’ என்றே அழைக்கத் தொடங்கினோம். ஆண்டு முழுவதும் அழைத்தோம். அவளும் சிரித்தாள்; ஆகவே அவளுக்கு வருத்தமில்லை என்று நினைத்துக்கொண்டோம். பத்தாம் வகுப்பின் நடுவில் அவள் வருவது நின்றது. அவளுடைய இருக்கையில் வேறொருத்தி அமர்ந்தாள். நாங்களும் மறந்துபோனோம்.

சென்ற ஆண்டு எங்களில் ஒருத்தியின் அண்ணன் மோட்டார் சைக்கிளைப் பழுதுபார்க்க ஒரு பட்டறைக்குச் சென்றார். அவளும் உடன் போனாள். அங்கே கிரீஸ் படிந்த கையுடன் நின்றவள் எங்கள் பழைய தோழி! அது அவள் தந்தையாரின் பட்டறை. வண்டியை முடுக்கச் சொல்லி ஒரு நிமிடம் செவிமடுத்தாள். “கார்புரேட்டர்ல தூசி அடைச்சிருக்கு,” என்றாள். திறந்து பார்த்தால் அவ்வாறே இருந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, “சத்தத்தைக் கேட்டா எனக்குத் தெரியும். புத்தகத்தைத் தொறந்தாத்தான் எழுத்தெல்லாம் ஓடிப்போயிடும்,” என்றாள்.

மறுநாள் வகுப்பில் இச்செய்தியைக் கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு இருப்பது டிஸ்லெக்சியாதானா என்று சொல்ல நாங்கள் மருத்துவர்கள் அல்லர். ஆனால் எழுத்து ஓடிப்போகிறது என்பதை அவள் இரண்டு ஆண்டுகளாக எங்களிடம் சொல்லாமலா இருந்திருப்பாள்? சொல்லியிருப்பாள், எங்கள் சிரிப்பொலியில் அது கேட்டிராது. ஜாக்கி ஸ்டூவர்ட்டைப் பற்றிப் படித்தபோது, அந்த ஸ்காட்லாந்து வகுப்பறையில் நகைத்த சிறுவர்களின் வரிசையில் நாங்களும் அமர்ந்திருப்பதைக் கண்டோம்.

ஒரு மாலை நேரம் நாங்கள் ஐவர் பட்டறைக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, “என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, போதும்,” என்றாள்.

இப்பொழுது அவள் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத முன்வந்திருக்கிறாள். மருத்துவச் சோதனைக்கு அவளுடைய பெற்றோர் இசைந்துள்ளனர். வாரத்தில் மூன்று நாள் மாலையில் எங்களில் இருவர் முறைவைத்துச் சென்று பாடத்தை உரக்கப் படிக்கிறோம். அவள் கையில் ஏதேனும் ஒரு வேலை இருக்கும். செவி எங்களிடம் இருக்கும். முடிந்ததும் கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்வாள். அறிவியலில் விசையையும் உராய்வையும் அவள் விளக்கியதுபோல் எங்களில் ஒருத்தியும் விளக்கியதில்லை. பிரேக் கட்டையைக் கையில் எடுத்துக் காட்டியல்லவா விளக்கினாள்! வழிகாட்டி படிக்க ஓட்டுநர் ஓட்டும் அந்த ரேலி எங்களுக்கு அப்போது நினைவிற்கு வந்தது.

அன்புத் தோழியரே! உங்கள் வகுப்பிலும் இத்தகைய ஒருத்தி இருக்கக்கூடும். தப்பாகப் படிப்பவள், ஓரிடத்தில் அமராதவள், கேட்டதற்கு மட்டும் விடை சொல்லி ஒதுங்கி நிற்பவள். அவள் பந்தயத்தில் வெல்ல வேண்டும், புகழ் பெற வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. வெல்லாவிட்டாலும் அவளுக்கு நம்மிடையே இடம் உண்டு. அவள் தடுமாறும்போது சிரிக்காதிருப்போம். சொல்வதைத் தெளிவாகச் சொல்வோம். அவளுக்கு எது எளிது என்பதை அவளிடமே கேட்போம். ஆசிரியையிடம் எடுத்துக் கூறி, தக்க உதவி கிடைக்கத் துணை நிற்போம்.

ஸ்பாவில் சிக்கிய ஸ்டூவர்ட்டை மீட்க, அவருடன் போட்டியிட்ட இருவரே ஓடி வந்தனர். நம் மதிப்பெண் ஓட்டத்தில் சிறிது நின்று திரும்பிப் பார்க்க நமக்கும் நேரம் இருக்கும். நாங்கள் தாமதமாகத் திரும்பிப் பார்த்தோம். நீங்கள் இன்றே பாருங்கள்.

— பதினொன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியர்